கட்டி வைத்த சிறகுகள்

கடலில் புயல் பிறந்தது என்ற செய்தி வந்ததும் மீனவர் படகைக் கரையேற்றுகின்றார். உழவர் களத்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றார். இவை நாம் அறிந்தவை. ஆனால், சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? வளிமண்டல இயலைப் பாடமாகக் கற்றுவரும் எனக்குச் சில மாதங்களாக இந்தக் கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தைப் பற்றிப் படிக்கும்போது எழுந்த கேள்வி இது. அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அந்த ஆறு மாதங்களும் ஊருக்கு ஊர் உள்ள சிறு விமான நிலையங்களில், தனி மனிதருக்குச் சொந்தமான விமானங்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன.

செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1956-இல் விற்பனைக்கு வந்து, இன்றுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்ட விமானம் அது. நால்வர் அமரலாம். முழுப் பாரத்துடன் அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் சிறகு அந்த எடையைத் தாங்கிவிடும். விமானம் காற்றைக் கிழித்துச் செல்கின்றதா, காற்றே வந்து விமானத்தின்மேல் மோதுகின்றதா என்பது சிறகுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. வேகம் ஒன்றே அதற்குக் கணக்கு. தூக்கும் விசையோ வேகத்தின் இருமடியாக வளர்கின்றது. 225 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளி வந்து, சிறகு அதை ஏற்ற கோணத்தில் எதிர்கொண்டால், ஏறத்தாழ ஏழு டன் எடையைத் தூக்கும் விசை பிறக்கும். சிறகுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று கட்டிய மூன்று கயிறுகள் அதற்கு எம்மாத்திரம்?

ஆகவே உடையவர்கள் சிறகின் மேல் நீளவாக்கில் மரச்சட்டங்களைக் கட்டுகின்றனர்; மணல் மூட்டைகளை அடுக்குகின்றனர். காற்றோட்டத்தைக் கலைத்துச் சிறகைச் சிறகாக இருக்க விடாமல் செய்வதே நோக்கம். பறப்பதற்கென்றே பிறந்த ஒன்றைப் பறக்காதே என்று கெஞ்சும் வேலை அது! மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தலாமே என்பீர்கள். புயலின் கண் நேராகக் கடந்து சென்றால், முதற்பாதியில் ஒரு திசையிலிருந்து அடித்த காற்று மறுபாதியில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். எந்தப் பக்கம் மூக்கை வைப்பது?

கொட்டகைக்குள் பூட்டி வைத்தாலும் அச்சம் தீர்வதில்லை. கதவு ஒன்று பிய்ந்தால் போதும். உள்ளே புகுந்த காற்று கூரையை மேலே தள்ள, வெளியே ஓடும் காற்று அதே கூரையை மேலே இழுக்கும். 1992 ஆகஸ்டு 24-இல் வீசிய ஆண்ட்ரூ சூறாவளி மயாமி நகரை அடுத்த டாமியாமி நிலையத்தில் விமானங்களைக் கொட்டகைகளோடு சேர்த்து நொறுக்கியது. பழம்பெரும் விமானங்களைத் தேடிச் சேர்த்த காட்சிச்சாலை ஒன்றும் அங்கே சிதைந்தது.

எஞ்சிய வழி ஒன்றுதான்: புயலுக்கு முன் பறந்து போய்விடுவது. ஆனால் எங்கே? எப்போது? வானிலை மையம் வரையும் கூம்புக்குள் புயலின் நடு தங்குவது மூன்றில் இரண்டு முறைதான் என்பது வரைந்தவர்களே சொல்லும் கணக்கு. 2004-இல் டாம்பாவை நோக்கி வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட சார்லி சூறாவளி, ஆகஸ்டு 13 அன்று வழியில் திரும்பிப் புண்டா கோர்டா என்ற ஊரில் புகுந்தது. அவ்வூர் விமான நிலையத்தின் கொட்டகைகள் தரைமட்டமாயின. வழியை ஊகித்துவிட்டாலும் இன்னொரு கேள்வி நிற்கின்றது. வீட்டுச் சன்னல்களுக்குப் பலகை அறையவேண்டும். முதிய தாயை வெளியேற்றவேண்டும். விமானத்தையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் கொண்டுபோகவேண்டும். இருப்பதோ இரண்டு நாள்.

இதை விடுதியில் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "பணக்காரன் பொம்மை உடைந்தால் உனக்கென்ன தம்பி?" என்றார். பொம்மையாக வைத்திருப்போரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், ஐம்பது ஆண்டு வயதான விமானத்தை நால்வர் பங்கு போட்டு வாங்கிப் பறப்போரும் உண்டு. மாணவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துப் பிழைப்போரும் உண்டு. அவர்களுக்கு அது பிழைப்பின் கருவி. கருவி என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

என் பெற்றோர் சேலத்திலிருந்து தில்லிக்குப் பிழைக்க வந்தவர்கள். யமுனைக் கரையை அடுத்த தாழ்வான தெரு ஒன்றில் குடியிருந்தோம். தந்தையாருக்கு இருந்த சொத்து ஒரு பழைய டெம்போ. அதன் வாடகையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. என் படிப்பும் நடந்தது. 2023 ஜூலை 13-இல் யமுனை 208.66 மீட்டர் மட்டத்துக்கு உயர்ந்து, 1978-இன் அளவையும் தாண்டியது. முந்தின நாள் மாலை, நீர் தெருமுனைக்கு வந்தபோது, "முதலில் வண்டியை மேட்டில் விட்டு வருகிறேன்" என்றார் தந்தையார். "வண்டியா பெரிது, நாங்களா?" என்று அம்மா கேட்டார். தந்தையார் பதில் சொல்லாமல் எங்கள் மூவரையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். தையல் இயந்திரத்துக்கு இடமில்லை, விட்டுவிட்டோம். எங்களை மேட்டுச் சாலையில் இறக்கியபின் அவர் திரும்பிப் போனார். பக்கத்து வீட்டு முதியவர், குழந்தைகள், மூட்டை முடிச்சுகள் என்று இரவுக்குள் நான்கு நடை அடித்தார். ஐந்தாம் நடைக்குத் தெருவில் இடுப்பளவு நீர். ஒருவரிடமும் அவர் வாடகை கேட்கவில்லை.

புயல் போனபின் வரும் துன்பமும் சிறிதன்று. கடல்நீர் புகுந்த விமானம் வெளிப்பார்வைக்கு முழுதாக இருக்கும். ஆனால், அலுமினியத் தகடுகளின் இணைப்புகளிலும் ஆணியடியிலும் உப்பு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். நன்னீரால் கழுவி, எந்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல் அதை நம்பக்கூடாது. கேடு ஏதும் அடையாத விமானத்துக்கும் உடனே வழி கிடைப்பதில்லை. ஓடுதளத்தில் ஆணியும் தகரமும் சிதறிக் கிடக்கும். மின்சாரம் இல்லாததால் எரிபொருள் இறைக்கும் பம்பு ஓடாது.

இனிச் சொல்லப்போவது என் நண்பருக்கு நான் அளிக்கும் விடை. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி புளோரிடாக் கரையைக் கடந்தது. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள வட கரோலினா மலைகளில் மறுநாள் அது கொட்டிய மழையில் ஆறுகள் பெருகின, மலைச்சரிவுகள் இடிந்தன, நெடுஞ்சாலைகள் அறுந்தன. புயல் கடந்த மாநிலங்களில் எல்லாம் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆஷ்வில் நகரக் குழாயில் ஐம்பது நாளுக்கு மேல் குடிக்கத்தக்க நீர் வரவில்லை. சாலை இல்லாத ஊருக்குச் சோறு எப்படிப் போகும்? சமவெளியில் உள்ள கான்கார்டு விமான நிலையத்தில் சிறு விமானங்கள் வந்து வரிசையில் நின்றன. 2017-இல் ஹார்வி சூறாவளியின்போது டெக்சாசில் தோன்றிய 'ஆபரேஷன் ஏர்டிராப்' என்ற தொண்டர் அமைப்பு அவற்றை ஒழுங்குபடுத்தியது. விமானியும் எரிபொருளும் போக ஒரு செஸ்னாவில் நூற்றைம்பது கிலோ ஏற்றலாம். பெரிய விமானத்துக்கு அது எள்ளளவு. ஆனால், பெரிய விமானம் இறங்கமுடியாத மலையோரத் தளத்தில் சிறிய விமானம் இறங்கும். குடிநீர், குழந்தைகளுக்குப் பால்மாவு, நீரிழிவு நோயாளருக்கு இன்சுலின் என்று நடை நடையாகக் கொண்டுபோனார்கள். பலர் எரிபொருட் செலவையும் தாமே ஏற்றனர்.

நண்பர்களே, பொருளைக் காப்பதைப் பேராசை என்று எளிதில் சொல்லிவிடுகின்றோம். காத்த பொருளை மறுநாள் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்த்தபின் அல்லவா தீர்ப்புச் சொல்லவேண்டும்? பிழைத்த விமானத்துக்கும் ஒரு கடன் உண்டு. பிழைத்த டெம்போவுக்கும் உண்டு. ஊரை விட்டு வந்து, யாரோ ஏற்றிவிட்ட வண்டியில் இந்தப் பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்த நம்முடைய படிப்புக்கு மட்டும் அது இல்லாமல் போகுமா?

என் துறையில் இரவு பகலாகக் கணக்கிடுவதெல்லாம் புயல் எங்கே வரும், வெள்ளம் எப்போது ஏறும் என்பதையே. கூம்பைச் சற்றே குறுக்குவதும் நேரத்தைச் சற்றே முன்கூட்டிச் சொல்வதும் ஆய்வுத்தாளில் ஓர் எண்ணாக மட்டுமே தெரியும். அந்த எண்ணை நான் நடைகளில் அளக்கின்றேன். ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லமுடிந்தால், எங்கோ ஒருவர் இன்னும் ஒரு நடை போய் வந்துவிடுவார்.