ஆலந்தலையில் ஒரு தப்புக் கணக்கு

திருச்செந்தூருக்கு முருகனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு, தெற்கே சில கிலோமீட்டரில் ஆலந்தலை என்றொரு ஊர் இருப்பது தெரியாது. முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் அது ஒன்று. திருஇருதய ஆண்டவர் கோயிலுக்கு நேர்ச்சை உள்ளவர்கள் வருவார்கள். எனக்கு நேர்ச்சை எதுவும் கிடையாது. கிறிஸ்தவ மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இந்த ஊரிலிருந்து தம் தோழர் மான்சில்யாசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். எங்கே போனாலும் அங்கே எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பார்க்கிற வாத்தியார் புத்தி.

சவேரியாருக்குத் தமிழ் சரியாக வராது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, வரிவரியாகச் சொல்லவைத்தார். படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகள் பொறுப்பு. பொருள் புரிந்ததா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் ஒற்றை ஆள் இத்தனை கரையூர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு வழி என்ன?

பிள்ளையே பிள்ளைக்கு வாத்தியார் ஆவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் உண்டு, சட்டாம்பிள்ளை என்போம். அந்த வழக்கம் கப்பலேறிய கதை சுவையானது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவன் ஜமாய்த்துவிட்டான். 1797-இல் பெல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். பிறகு இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகள் இந்த முறையில் நடந்தன. பெயரே ‘மெட்ராஸ் முறை’. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். மெட்ராஸ் சென்னையாகிவிட்டது, அந்தப் பள்ளி மாறவில்லை.

இந்தக் கரையோரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளைகள் வட்டவட்டமாகத் தரையில் இருந்தார்கள். டீச்சர் ஒரு வட்டத்தோடு இருக்கும்போது மற்ற வட்டங்களைக் கொஞ்சம் விவரமான பிள்ளைகள் பார்த்துக்கொண்டன. ஒரு பையன் சிலேட்டில் 27-ஐயும் 15-ஐயும் கூட்டி 312 என்று எழுதினான். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று. அவன் கணக்கில் நியாயம் இருக்கிறது. பக்கத்திலிருந்த பெண் உள்ளங்கையால் அதை அழித்து, 42 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த 312-ஐ அழிக்காமல் விட்டிருக்கலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. 1990-களில் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மூன்று நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஆசிரியர் வழியைச் செய்துகாட்ட, பிள்ளைகள் அதே மாதிரிக் கணக்குகளைப் போட்டுத் தள்ளுவார்கள். ஜப்பானில் முதலிலேயே ஒரு கடினமான கணக்கைக் கொடுத்து மல்லுக்கட்ட விட்டார்கள். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு வழியைச் சொல்ல, எல்லாம் கரும்பலகைக்கு வரும். தப்பான வழியும் பாடம் முடியும்வரை அங்கேயே நிற்கும். ஏன் தப்பு என்று வகுப்பே பேசும். நம் ஊரில் தப்பு என்றாலே கை தானாக அழிக்கப் போகிறது. மணலில் பழகிய கையோ என்னவோ.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிள்ளைகளின் வருகைப் பதிவு செல்போனில் ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு சார். ஒரே வகுப்ப வச்சிக்கிட்டு ஒரே கணக்கப் பேசலாம். எனக்கு மூணு வகுப்புல்லா? அந்த ஊரு டீச்சருக்கு ஆப்பு, ரெஜிஸ்டரெல்லாம் உண்டா?”

48 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 2018-இல் நடந்த ஆசிரியர் கணக்கெடுப்பு நினைவுக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. அதன்படி ஜப்பானின் நடுநிலைப்பள்ளி ஆசிரியர் அப்போது வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பார்த்தார். அதில் வகுப்பில் நின்றது 18 மணி நேரம்தான். மிச்சமெல்லாம் பாடத் தயாரிப்பு, விளையாட்டுக் குழுக்கள், கூட்டங்கள், காகித வேலை. அதைச் சொன்னேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். “அப்போ அவங்களும் நம்ம ஆளுதான் சார். சோறு எடுத்து வைக்கச் சொல்லட்டா?”