8 டன்னைவிடப் பெரிய 2 டன்

செலவு செய்யப் பயந்தவன் நான். அதைவிடச் சாகப் பயந்தவன். ஜிம்னி வாங்கிய புதிதில், சேற்றில் சிக்கினால் வண்டியை வெளியே இழுக்கும் சாமான்களைத் தேடியபோது இந்த இரண்டு பயமும் என்னை மாறி மாறிப் பிடித்து ஆட்டின. மழைக்காலத்தில் தாம்ஹினி காட் பக்கம் போகும் கூட்டத்தில் சிலருடைய வண்டியில் முன்னால் வின்ச், கூரையில் ஆரஞ்சுப் பலகை, பின்னால் இடுப்புயர ஜாக் என்று எல்லாம் இருக்கும். பார்த்தால் பொறாமை வரும். விலையைக் கேட்டால் தானாக அடங்கிவிடும்.

மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்த அண்ணாச்சி ஒருவர்; துறைமுகத்தில் பாரம் தூக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலி. அவர்தான் என்னை நாக்தேவி தெருவுக்கு அழைத்துப் போனார். தாதரில் ஸ்லோ லோக்கல் பிடித்து மஸ்ஜித்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். தொழிற்சாலைக்காரர்கள் சங்கிலி, ஷேக்கிள், ஸ்லிங் வாங்கும் இடம். பெட்டியில் ஜீப் படம் போடாததாலேயே விலை குறைவு என்று தோன்றியது.

"தம்பி, நம்பரைப் பாக்கதுக்கு முன்னால சீட்டைப் பாருங்க. சீட்டு இல்லன்னா நம்பரும் இல்லன்னு வச்சுக்கிடுங்க" என்றார்.

அந்தச் சீட்டைப் படிக்கக் கற்றதில்தான் என் பணம் மிச்சமானது. வண்டி இழுக்கும் பட்டையில் 8 டன் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது அறுந்துபோகும் எடை. பாரம் தூக்கும் ஸ்லிங்கில் 2 டன் என்றால் தினமும் தூக்கலாம் என்கிற எடை. ஐரோப்பியத் தரப்படி பாலியஸ்டர் ஸ்லிங்குக்கு 7 மடங்கு பாதுகாப்பு வைக்கிறார்கள். ஆக 14 டன் வரை அது தாங்க வேண்டும். பட்டையின் நிறத்துக்கும் கணக்கு உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. தைத்திருக்கும் சீட்டு நீலமாக இருந்தால் பாலியஸ்டர், பச்சையாக இருந்தால் நைலான்.

உடனே ஒரு பச்சை ஸ்லிங் வாங்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பலாமா என்றால், கூடாது. பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. மெதுவாக இழுக்கவும் மரத்தைச் சுற்றிக் கட்டவும் அது போதும். ஓடிவந்து வெட்டி இழுப்பதற்கு 20 சதவீதம் அளவுக்கு நீளும் நைலான் பட்டைதான் வேண்டும். அது ரப்பர் போல வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிக்கிய வண்டிக்குக் கொடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சக்தி நான்கு மடங்காகும். அந்த நேரத்தில் ஏதாவது பிய்ந்தால் ஒரு கிலோ இரும்பு குண்டாகப் பாயும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் டோ பாலில் பட்டையை மாட்டி இழுத்து, அந்த இரும்புக் குண்டு பிய்ந்து பறந்து வந்து அடித்துச் செத்தவர்கள் உண்டு. அங்கே இந்தப் பட்டைகளில் எச்சரிக்கை லேபிள் சட்டப்படி கட்டாயம்.

அதனால் பட்டைக்கும், அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிளுக்கும் நான் பேரம் பேசவில்லை. 4.75 டன் என்று உடம்பிலேயே அச்சு வார்த்த வில் ஷேக்கிள் இரண்டு. பட்டையின் பலம் வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். ஜிம்னிக்கு அந்த எடை 1,545 கிலோ. மூன்று மடங்கு போட்டாலும் 5 டன்னைத் தொடாது. 8 டன் பட்டையே தாராளம். பயந்துபோய் 15 டன் வாங்கினால் இந்தச் சின்ன வண்டிக்கு அது நீளவே நீளாது; காசும் போய் வேலையும் கெடும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மற்றதில் எல்லாம் கஞ்சத்தனத்துக்கு முழுச் சுதந்திரம். ஒரு மண்வெட்டி, டயர் அழுத்தம் பார்க்கும் கருவி, திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரெசர். டயரில் 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கினாலே பாதி நேரம் பட்டையை வெளியே எடுக்க வேண்டியிருக்காது. மணலில் டயருக்கு அடியில் போட அந்த விலையுயர்ந்த ஆரஞ்சுப் பலகை இல்லையே என்ற குறை, ரால்ஃப் பாக்னால்டைப் பற்றி அறிந்ததும் போனது. லிபியப் பாலைவனத்தை கார்களில் கடந்த அந்த ஆங்கிலேய அதிகாரி, சக்கரத்துக்கு அடியில் போட்ட இரும்புத் தகடுகளை கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில்தான் கண்டெடுத்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்தவை அவை.

காட்டில் மரத்தைச் சுற்றிக் கட்டவென்று வாங்கிய பச்சை ஸ்லிங்குக்கு ஊருக்குள்தான் அதிக வேலை. பிரமோத் மகாஜன் பூங்காவில் மழைநீரைத் தேக்க நிலத்தடித் தொட்டி கட்டிய பிறகும், பெருமழை என்றால் தண்ணீர் தேங்கும் ஹிந்த்மாதா பக்கம் போக எனக்குத் தயக்கம்தான். எங்கள் கட்டடத்துக்காரர் யாராவது தண்ணீரில் நின்றுவிட்டு போன் செய்வார். முதலில் நான் சொல்வது, சாவியைத் திருப்பாதீர்கள் என்பது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்தாலே கனெக்டிங் ராடு வளையலாம். பிறகு நியூட்ரல். ஆட்டோமேட்டிக் என்றால் மேடு வரைதான் இழுப்பேன். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் முதல் கியரைப் போடுவேன்.