நம்ம கோயில் பிக்கப்பில் வந்த சத்தம்



ரெண்டு வாரமா கோயில் பிக்கப் ஏன் வெளியே வரலை, வண்டி போச்சா, புது வண்டிக்கு வசூல் ஆரம்பமா என்று பல பேர் கேட்டீங்க. தைப்பூசம் நெருங்குகிற நேரம். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

அரிசி மூட்டை, அண்டா, கேஸ் சிலிண்டர், பந்தல் கம்பி எல்லாம் இந்த ஒரு வண்டியில்தான் போகிறது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலில் இருந்து வெள்ளித் தேர் பத்துமலைக்குப் புறப்படுகிற ராத்திரி, வழியில் நம்ம அன்னதானப் பந்தல் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றால் சமைத்த சாப்பாடும் நின்றுவிடும்.

சத்தம் முதலில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் "கர்ர்ர்" என்று வந்தது. ஒரு வாரத்தில் நிற்காமல் வர ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். கேட்டுவிட்டு, "உள்ளே பேரிங் போயிருக்கும், என்ஜினைப் பிரிக்கணும், 6,000 வெள்ளி ஆகும்" என்றார்கள். நிர்வாகக் கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. உண்டியலில் பத்து வெள்ளி, அஞ்சு வெள்ளியாக வந்த காசு அது.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் தோட்டத்தில் டிராக்டர், லாரி பழுது பார்த்தவர், "தம்பி, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்க வண்டிக்கும் உதவும்.

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார். அளவு சரி. ஆயில் விளக்கும் எரியவில்லை. "அந்த விளக்கு எரிஞ்சா சத்தத்தைத் தேடாதே, உடனே என்ஜினை அணை" என்றார்.

அப்புறம் வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். சத்தமும் கூடவே ஏறியது. ஆக, சக்கரத்தில் வருகிற சத்தம் இல்லை. கிளட்சை மிதித்தால் மாறவில்லை, அதனால் கியர்பாக்ஸ் மேலும் சந்தேகம் குறைந்தது. ஏர்கோன் போட்டாலும் அணைத்தாலும் அதே சத்தம். "உள்ளே பேரிங் போனா பெரும்பாலும் 'டக் டக்'னு கனமா இடிக்கும், பாரம் ஏறினா இன்னும் இடிக்கும். இது அரைக்கிற சத்தம்" என்றார்.

பிறகு என்ஜினை அணைத்து, முன்னாடி இருக்கிற பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தம் சுத்தமாக இல்லை! பேட்டரி விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டர் சுற்றாததால் அது எரியத்தான் செய்யும். நம்ம வண்டியில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் அரை நிமிடத்தில் அணைக்கச் சொல்லிவிட்டார்.

இனி கையால் ஒவ்வொரு புல்லியாகச் சுற்றினார். ஆல்டர்னேட்டர் வழுவழு என்று சுற்றியது. தண்ணீர் பம்பு ஆடவில்லை. பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற சின்னப் புல்லி, ஐட்லர் என்பார்கள், அதைச் சுற்றினால் மட்டும் உள்ளே மணல் போட்ட மாதிரி அரைத்தது. அதன் பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது. மூடின பேரிங், அதனால் எண்ணெய் அடித்துப் பயனில்லை. பெல்ட்டில் பட்டால் வழுக்கத்தான் செய்யும்.

புல்லியும் புது பெல்ட்டும் சேர்த்து 210 வெள்ளி. கூலி வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், பிரசாதம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சின்ன சாமான்தானே, அப்படியே ஓட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்டாங்க. அந்தப் புல்லி இறுகிவிட்டால் பெல்ட் அறுந்துபோகும். தண்ணீர் பம்பு நிற்கும், என்ஜின் கொதிக்கும். அப்போதுதான் உண்மையாகவே 6,000 வெள்ளி செலவு வரும். பயந்து பிரிப்பதும் தப்பு, கேட்காத மாதிரி ஓட்டுவதும் தப்பு.

பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பொதுக்காசு என்றால் இரண்டாவது ஆளிடமும் ஒருமுறை காட்டிக் கேட்பது நல்லது.

வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். டாஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புதுச் சத்தம் கேட்டால் எப்போது வருகிறது, குளிர்ந்த என்ஜினா சூடான என்ஜினா, வேகத்தோடு ஏறுகிறதா, எல்லாம் எழுதுங்க. போர்மேனுக்கு அதுவே பாதி வேலை. பானெட்டைத் திறக்கும்போது துண்டையும் வேட்டி நுனியையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்க, ஓடுகிற பெல்ட் ஆளைப் பார்க்காது.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அரிசி ஏற்றுகிறோம். கை கொடுக்க முடிந்தவர்கள் வாங்க.

முருகா சரணம்.