ரயில் வெளிக்கிட்ட பிறகு

'திறந்த கதவு' படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியேல்ல. 1963இல் வந்த எகிப்தியப் படம். ஹென்றி பரகாத் இயக்கியது, லைலாவாக பாத்தின் ஹமாமா. 1960இல் லத்தீபா அல்-ஸய்யாத் எழுதின நாவல்தான் மூலம். முடிவைச் சொல்லாமல் இதை எழுத ஏலாது, பாக்காத ஆக்கள் கோவிக்கவேண்டாம்.

லைலா பள்ளிக்கூடத்தில் இருந்து ஊர்வலத்துக்குப் போகிறாள். வீட்ட வந்தால் அப்பாவின் அடி. பிறகு பல்கலைக்கழகம். அங்கதான் பேராசிரியர் புஆத் வாறார். எங்களுக்குப் பயம் தந்தது அப்பா இல்லை, இவர்தான். கை நீட்டமாட்டார். நிதானமாக் கதைப்பார், அவள் எப்பிடி இருக்கவேணும் எண்டு அவரே முடிவெடுப்பார். அவளைக் கலியாணம் கேட்டதே, சொல்லுக் கேக்கிற பிள்ளை எண்டதால்தான். 'பெட்டையள் படிச்சாக் காணும், எல்லாம் சரிவரும்' எண்டு சொல்லுற ஆக்கள் இந்தப் படிச்ச மனிசனைக் கட்டாயம் பாக்கவேணும். ஸய்யாத்தும் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியில் படிப்பிச்சவ. வகுப்பறைக்குள்ள அதிகாரம் என்ன குரலில் கதைக்கும் எண்டு அவவுக்குத் தெரியும்.

1956, சூயஸ் யுத்தம். கெய்ரோ ரயில் நிலையத்தில் அப்பாவையும் புஆத்தையும் விட்டிட்டு லைலா சனத்துக்குள்ளால ஓடுறாள். போர்ட் சயீத்துக்குப் போற ரயிலில், போராடப் போகிற ஹுசைன் நிற்கிறான். அவளும் ஏறுகிறாள்.

எங்களில் பாதிப்பேர் கைதட்டின ஆக்கள். மற்றப் பாதி, 'ஒரு ஆம்பிளையை விட்டு இன்னொரு ஆம்பிளையிட்டத்தானே போறாள்?' எண்டு கேட்டது. நாவலை வாசிச்ச பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூடினது. அதில லைலா படிச்சு முடிச்சு, ஆசிரியையாக வேலை கிடைச்சு, தானாகவே போர்ட் சயீத்துக்குப் போகிறாள். யுத்தம் வரேக்க அவள் ஏற்கெனவே அங்க. படம் அந்த வேலையை எடுத்துப்போட்டு ஒரு ரயிலை வைச்சிருக்கு. படிப்பு அவளுக்குத் தந்த ஒரேயொரு உருப்படியான சாமான் அந்தச் சம்பளம். அதைத்தான் வெட்டியிருக்கினம். ஓடுற காட்சி திரையில் வடிவுதான், மறுக்கேல்ல. பாத்தின் ஹமாமாவின் முகத்தைப் பாத்தால் எங்கட வாதமெல்லாம் கொஞ்ச நேரம் நிண்டுபோகும்.

இன்னொண்டும் இருக்கு. லைலாவுக்கு நிச்சயம் மட்டும்தான் நடந்திருந்தது. கலியாணம் முடிஞ்சிருந்தால்? 1956 அரசியலமைப்பு எகிப்தியப் பெண்களுக்கு வாக்குரிமை குடுத்தது. குடும்பச் சட்டம் மட்டும் 1920களில் எழுதினபடியே கிடந்தது. வீட்டை விட்டுப் போன மனைவியைப் பொலிசை வைச்சுத் திருப்பிக் கொண்டுவாற நடைமுறை 1967 வரைக்கும் இருந்தது. அதாவது படம் தியேட்டரில் ஓடேக்க, பாத்துக் கைதட்டின கலியாணம் முடிச்ச பெண்ணொருத்தி அதே ரயிலில் ஏறியிருந்தால், அடுத்த ஸ்டேஷனில் இறக்கியிருப்பாங்கள்.

படத்தைப் பாத்திட்டு வாங்கோ. எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ, ரெண்டு பக்கத்துக்கும் ஆள் காணாது.