ஒற்றையாள் கடை

"இத்தனை ஆண்டுகள் இதிலேயே உட்கார்ந்திருந்து என்ன மிச்சம் கண்டாய்?" என்று என்னைக் கேட்காத உறவினர் குறைவு. கேட்பவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலோ துபாயிலோ பொருளீட்டித் திரும்பியவர்கள். அவர்களுடைய கேள்வியில் ஏளனம் இருப்பதில்லை; இரக்கமே இருக்கிறது. கீழக்கரையில் ஒரு சந்தினுள், எட்டடிக்குப் பத்தடி அறையொன்றில், புத்தகங்களுக்குக் கட்டடம் செய்யும் தொழிலை நான் தன்னந்தனியே நடத்தி வருகிறேன். முதலாளியும் நானே, கூலியாளும் நானே, காலையில் கடையைப் பெருக்குபவனும் நானே.

வாணிபத்தின் நேர்மை குறித்து நம் ஏடுகள் நிறையவே எழுதியிருக்கின்றன. கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியொன்று அக்குறை சொல்லப்படாமல் விற்கப்பட்டதை அறிந்து, அந்தச் சரக்கின் விலையையே தர்மம் செய்துவிட்ட வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் என் மனத்தை நெடுநாள் அரித்த வினா வேறு. அளவிலும் விலையிலும் நேர்மை தவறாத ஒருவன், தன் உழைப்பை எந்த வேலைக்குக் கொடுப்பது? இலாபக் கணக்கு இதற்கு விடை சொல்லுமா?

கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலில், பொருளீட்டலின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தொழில் செய்பவன் தன் தொழிலின் வாயிலாக ஒரு 'பர்ளு கிஃபாயா'வை நிறைவேற்றுவதாக நிய்யத் கொள்ள வேண்டும் என்று அதில் இமாம் அவர்கள் கூறுகிறார்கள். சிலர் செய்தால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும், ஒருவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரையும் பழி சேரும் கடமை அது. ஜனாஸாத் தொழுகையை இதற்கு எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். தையலையும் கொல்லுத் தொழிலையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? எல்லோரும் ஒரே தொழிலில் விழுந்தால் மற்றவை நின்றுபோய் மக்கள் அழிவர் என்பதையும் இமாம் அவர்கள் விளக்குகிறார்கள். முன்னோரான நல்லடியார்கள் செய்துவந்த தொழில்களை எண்ணிக் காட்டுமிடத்தில், நூல்களைப் படியெடுக்கும் தொழிலும் இடம் பெறுகிறது. அத்தொழிலோரை அரபுகள் 'வர்ராக்' என்றனர். படியெடுப்பது, தாள் விற்பது, கட்டடம் செய்வது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. பக்தாதில் அப்படியொரு வர்ராக்காக இருந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) தாம் அறிந்த நூல்களுக்கெல்லாம் ஓர் அட்டவணை எழுதினார். அதிலுள்ள பற்பல நூல்கள் இன்று பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்தப் பெயராவது கிடைத்ததற்கு ஒரு கடைக்காரரின் உழைப்பே காரணம்.

இதைப் படித்த பின்னர் என் கடையை நான் அளந்த கோல் மாறிவிட்டது. நாளைக்கே இந்தக் கதவு மூடப்பட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று கேட்டுக்கொண்டேன். பில் புத்தகங்கள் நிற்கா. சிவகாசியில் என்னைவிட விரைவாகவும் மலிவாகவும் செய்து தருகிறார்கள். கல்லூரி மாணவர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொண்டுவரும், ரெக்ஸின் போர்த்துப் பொன்னெழுத்து பதிக்கும் ஆய்வேடுகளும் நிற்கா. அதற்கு வேறு கடைகள் இருக்கின்றன. நிற்கக் கூடியது ஒன்றுதான். நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பழைய அரபுத் தமிழ் நூல்களைச் செப்பனிடும் வேலை.

கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' போன்றவை நம் பாட்டிமார் கையில் தவழ்ந்தவை. பெரும்பாலும் கல்லச்சில் பதிந்தவை. மரக்கூழில் செய்த அக்காலத்துத் தாள், தன்னிலுள்ள புளிப்பினாலேயே பழுத்து நொறுங்குகிறது; உப்புக்காற்று எஞ்சியதைப் பார்த்துக்கொள்கிறது. இவற்றை எல்லாப் புத்தகங்களையும்போல் கட்டிவிட முடியாது. முதுகு வலப்புறம் வர வேண்டும். இது தெரியாமல் தலைகீழாகத் தைக்கப்பட்ட பிரதிகளை நானே பிரித்திருக்கிறேன். ஓரம் அழகாக இருக்கட்டுமென்று மிஷினில் வைத்து வெட்டினால், விளிம்பில் பதிந்துள்ள ஹாஷியா விளக்கவுரை குப்பைக்குப் போய்விடும். தாள்கள் உதிர்ந்து கலைந்து வந்தால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல் குறிக்கப்பட்டிருப்பதைப் படித்துப் படித்து வரிசை சேர்க்க வேண்டும். சிறுவயதில் மத்ரஸாவில் ஓதிய எழுத்து, தொழிலுக்கு இப்படி உதவும் என்று அன்று யார் நினைத்தார்கள்! கணக்குப் பேரேட்டிற்குப் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது எங்கள் வழக்கம். பழந்தாளுக்கு அது ஆகாது. செம்பு தாளையே தின்றுவிடும். வெறும் மாவுப் பசையும், கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும், அவசரப்படாத விரல்களும் போதும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இத்தகைய நூல் ஒன்றுக்கு மூன்று நாள் பிடிக்கும்; நான் வாங்குவது ரூ.600. அந்த மூன்று நாளில் பில் புத்தகம் தைத்தால் ரூ.3,000 கிடைக்கும். ஆகவே இலாபத்தைத் துறந்துவிட்டேன் என்று பெருமை பேசவும் என்னால் இயலாது. சேவை சேவையென்று கூலியை மறந்தவர்களின் கடைகள் இரண்டே ஆண்டுகளில் பூட்டப்பட்டதையும் கண்டிருக்கிறேன். பூட்டிய கடை யாருக்குச் சேவை செய்யும்? எனவே காலை முதல் லுஹர் வரை பில் புத்தகமும் ஆய்வேடும். அவை வாடகையையும் அடுப்பையும் பார்த்துக்கொள்கின்றன. அஸருக்குப் பின் பழைய நூல்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்று, ஆண்டு முழுவதற்கும் நோட்டுப் புத்தக வேலை தருவதாக ஆளனுப்பியது. என் வருமானம் இரட்டிப்பாகும். பத்துப் பேர் வேலை செய்யும் கடையாயின் அதையும் ஏற்று இதையும் செய்யலாம். ஒற்றையாள் கடையின் முதலோ ஒருவனுடைய பகற்பொழுது மட்டுமே. அந்த வேலை என் மாலைகளையும் எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததால் மறுத்துவிட்டேன். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மூத்த மகளின் திருமணம் அப்போது முடிவாகியிருந்தது.

அந்த ஆண்டிலேதான் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், தம் உம்மாவின் 'மகானீ'யைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். முன் அட்டையை ஒட்டியிருந்த வெற்றுத்தாள் செல்லரித்திருந்தது. இத்தகைய தாளைக் கிழித்தெறிந்து புதுத்தாள் ஒட்டுவது தொழில் வழக்கம். விளக்கருகே பிடித்தபோது, மங்கிய மையில் நான்கு பிள்ளைகளின் பிறந்த நாள்கள் ஹிஜ்ரிக் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது பெயருக்கு நேரே வேறு மையில் ஒரு கோடும், இன்னொரு தேதியும். படித்துக் காட்டினேன்.

"அது என் தம்பி. மூன்று வயதில் மவுத்தாகிவிட்டான். அவன் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை, தம்பி" என்றார்.

"இந்தத் தாள் இருந்த இடத்திலேயே இருக்கும், மாமி" என்றேன்.

அந்த ஒரு தாளுக்கு மட்டும் நான்கு மாலைகள் ஆயின. அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை. அவர் கொண்டுவந்த தொதலை மறுக்கவும் இல்லை. மகளின் திருமணம், அல்ஹம்துலில்லாஹ், சிறு கடனோடு நடந்து, கடனும் தீர்ந்தது.

இப்பொழுது என் கவலையெல்லாம் கண்ணைப் பற்றியது. நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது. சென்ற ஆண்டு முதல் பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் இருவர் அஸருக்குப் பின் வந்து கற்கிறார்கள். மூத்தவளுக்குப் பாரம் தைக்கக் கை படிந்துவிட்டது. இளையவள் அரபுத் தமிழ் எழுத்தை என்னைவிட வேகமாகப் படித்து வரிசை சேர்க்கிறாள். ஆனால் பசையைத்தான் அள்ளிப் பூசுகிறாள். வரும் மாதத்திலிருந்து இருவருக்கும் கூலி தர வேண்டும். அதற்கு எத்தனை பில் புத்தகம் கூடுதலாகத் தைக்க வேண்டுமென்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.