மூச்சை அடக்காதே

முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தில்லியில் வாழும் எனக்குக் கடலென்றாலே அச்சம். மகன் சிறுவனாயிருந்தபோது, விடுமுறைக்குச் சென்னை செல்லுங்காலங்களில், கணுக்காலுக்கு மேல் அலை நனைக்க நான் அவனை விட்டதில்லை. நீச்சல் கற்கவும் இசைந்ததில்லை. பணியில் அமர்ந்தபின் அவன் என்னிடம் சொல்லாமலே நீச்சலும் முக்குளிப்பும் கற்றுக்கொண்டான் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். சினமன்று, நாணமே மேலிட்டது. "ஒரு முறை என்னோடு வாருங்கள், அப்பா" என்று அவன் அழைத்தபோது மறுக்க நா எழவில்லை.

நாங்கள் சென்றது எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அக்காபா வளைகுடாக் கரையிலுள்ள தஹப் என்னும் ஊர். அரபு மொழியில் அச்சொல்லுக்குப் பொன் என்று பொருள். ஒருபுறம் பசுமையற்ற மலைகள், மறுபுறம் நீலக்கடல். மழை அரிது, ஆறுகள் வந்து கலப்பதுமில்லை. ஆதலின் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. கரையை ஒட்டியே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது.

பயிற்சி தந்த பெதூயின் இளைஞர் கூறிய முதல் விதி, "எக்காரணங்கொண்டும் மூச்சை அடக்காதீர்கள்" என்பது. தூத்துக்குடியில் மூச்சடக்கி முத்தெடுத்தோரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு இது வியப்பாயிருந்தது. அவர் விளக்கினார்: 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. முத்துக்குளிப்பவர் கொண்டு செல்வது மேற்காற்று. அது திரும்புகையில் பழைய அளவுக்கே விரியும். உருளைக் காற்றை ஆழத்தில் உள்ளிழுத்து அடக்கியவாறு மேலெழுந்தாலோ, அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும்.

விதி நினைவிலிருந்தது, ஆனால் நாலைந்து மீட்டர் இறங்கியதுமே அச்சம் தொண்டையை அடைத்தது. மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாய முற்பட்டேன். மகன் என் தோளைப் பற்றி நிறுத்தினான். தன் மார்பில் கைவைத்து, மெல்லக் குமிழிகளை வெளிவிட்டுக் காட்டினான். அவனைப் பார்த்துப் பார்த்து நானும் மூச்சு விட்டேன்.

அதன்பின்னரே கண் திறந்தது. கடற்சாமந்தியின் கைகளுக்கிடையே கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடின. இன்னும் கீழே சென்றபோது என் மணிக்கட்டிலிருந்த செந்நிறக் காப்புக்கயிறு மங்கிப் பழுப்பாயிற்று. ஒளியின் நிறங்களுள் சிவப்பையே நீர் முதலில் விழுங்குகிறதாம்.

கரையேறியபின், "உன்னை அன்றே விட்டிருக்கலாம்" என்றேன். அவன் சிரித்தானே தவிர, மறுமொழி கூறவில்லை.

இப்போது என் ஐந்து வயதுப் பேத்தி நீச்சல் பழகுகிறாள். குளத்தங்கரையில் துண்டுடன் காத்திருப்பவன் நானே. அவள் தலை நீருள் அமிழும்போதெல்லாம் என்னையறியாமல் என் மூச்சும் நின்றுவிடுகிறது. பிறகு அந்த இளைஞரின் சொல் நினைவுக்கு வர, மெல்ல விடுகிறேன்.