ஆலுவாப் பாலமும் பாமாயிலும்

கொச்சியிலிருந்து வடக்கே செல்வோர்க்குப் பெரியாறு இரு கிளையாகப் பிரியும் இடத்தில் ஆலுவா நகரம் காட்சி தருகின்றது. சிவராத்திரி மணற்புறத்தால் புகழ்கொண்ட ஊர் இது. ஆயினும் 1940-இல் திறக்கப்பெற்ற மார்த்தாண்ட வர்மா பாலத்தின்மேல் நின்ற நமக்கு, ஆற்றின் அழகைவிட, ஓயாது செல்லும் டேங்கர் லாரிகளே சிந்தனையைத் தூண்டின.

2007-இல் கொச்சித் துறைமுகத்தின் வழியே பாமாயில் இறக்குமதி செய்வதை மைய அரசு தடுத்தது. பின்னர் அத்தடை கேரளத்தின் பிற துறைமுகங்களுக்கும் நீண்டது. தென்னை உழவரைக் காப்பதே நோக்கம். எண்ணெய் வராமலா நின்றது? பிற மாநிலத் துறைமுகங்களில் இறங்கிச் சாலை வழியே வந்தது! தடை துறைமுகத்துக்கேயன்றி வாணலிக்கு இல்லை.

தென்னைக்கு நாம் பகைவரல்லோம். மட்டாஞ்சேரியில் கொப்பரை விலை சரிந்தால் எத்தனை வீடுகள் வாடும் என்பதை அறிவோம். ஆனால் தமிழகத்து நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு விற்கப்பெறும் பாமாயிலே நம் உறவினர் பலரின் சமையலுக்கு ஆதாரம் என்பதையும் மறத்தற்கில்லை. மலேசியத் தமிழர் செம்பனை என வழங்கும் இம்மரம் ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டில் 3 முதல் 4 டன் எண்ணெய் தர வல்லது. சோயா தருவது அரை டன் அளவே. பனையைக் கைவிட்டால் அதே எண்ணெய்க்கு அதனினும் பன்மடங்கு நிலம் வேண்டும். இந்தோனேசியாவில் காட்டைக் கொளுத்தியது மனிதன் செய்த குற்றம்; மரத்தின் குற்றமன்று.

அம்மரத்தைக் காணக் கடல் கடக்கவும் வேண்டா. ஆலுவாவுக்குத் தெற்கே, கொல்லம் மாவட்டத்து ஏரூரிலும் குளத்துப்புழையிலும் அது தோட்டமாக வளர்கின்றது. 1977-இல் தோன்றிய ஆயில் பாம் இந்தியா நிறுவனம், மாநில அரசும் மைய அரசும் கூடி நடத்துவது. குளத்துப்புழைப் பக்கத்தில்தான், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்கென 1976-இல் ரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பெற்றது. ஒரு மரத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதன் சூடு முதலில் சுடுவது இத்தகையோர் கையையே.

இனி, பாமாயிலை எரிபொருளாக்குவதைப் பலர் பழிக்கின்றனர். நூறு கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழப் பத்துக் கிலோ மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்தால் டீசலுக்கு ஒப்பான எண்ணெயும், கிளிசரினும் பிரிகின்றன. பிந்தியது சோப்புக்கு ஆகும். இந்தோனேசியா 2025-இல் டீசலில் இதனை 40 விழுக்காடு கலக்கத் தொடங்கியது. அவ்வாறு அங்கே எரியும் ஒவ்வொரு பீப்பாயும் இங்கே தேங்காயெண்ணெயோடு போட்டியிட வாராத பீப்பாய் என்பதைத் தென்னையின் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக! பிலிப்பைன்ஸ் நாட்டாரோ 2006-இல் சட்டம் இயற்றி, தேங்காயெண்ணெயையே டீசலில் கலந்து வருகின்றனர். தென்னை உழவர்க்கு அங்கே இது ஒரு கூடுதல் சந்தை.

ஆயினும் உண்ணும் எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டில் வாங்கும் நம் நாடு புத்தெண்ணெயை எரிப்பதை நாம் ஆதரியோம். முதலில் வடை பொரியட்டும். பொரித்த எண்ணெய் டீசலாகட்டும். இதற்கென 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு திட்டத்தையே தொடங்கியுள்ளது. கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், மறுமுறை வாணலியிலும் ஊற்றாமல், சேகரிப்போரிடம் விலைக்குக் கொடுக்கலாம்.